வாசகர் கேள்வி – பதில்: ஜிஜி ரிவாவும் காலியாரி கழகமும்

சார்டீனியாத் தீவின் காலியாரி கழகத்துக்குப் பதின்மூன்று பருவங்கள் விளையாடிய இத்தாலிய முன்கள வீரர் ஜிஜி ரிவாவைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. உலகக் கிண்ணக் காலத்தில்கூட இவ்வளவு கடிதங்கள் வருவதில்லை என்று சொல்லுமளவுக்கு மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் அதற்குக் கேள்விகள் வந்துள்ளன. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ரிவா சார்டீனியாவில் பிறந்தவரா? இல்லையென்றால் அந்தத் தீவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்?
*(பாடசாலை மாணவர், டிக்கோயா)*

பதில்: இல்லை, தம்பி. அவர் இத்தாலியின் வட எல்லையை ஒட்டிய லொம்பார்டிப் பகுதியில், மஜோரே ஏரிக்கு அருகிலுள்ள லெஜ்ஜூனோ என்ற சிற்றூரில் 1944 நவம்பர் 7ஆம் திகதி பிறந்தார். தந்தை உலோக வார்ப்பாலை ஒன்றில் வேலை செய்தவர். 1953இல் அங்கு நடந்த விபத்தில் அவர் இறந்தபோது ரிவா சிறு பையன். கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்க்க முயன்ற தாயார் வேறு வழியின்றி மகனைத் துறவியர் நடத்திய விடுதியொன்றில் சேர்த்தார். அந்த விடுதி வாழ்க்கையைத் தாம் எவ்வளவு வெறுத்தார் என்பதை ரிவா முதுமையிலும் மறக்காமல் சொல்லி வந்தார். பதின்ம வயது முடிவதற்குள் தாயையும் இழந்த அவருக்கு மூத்த சகோதரியே தாயாக இருந்தார்.

மூன்றாம் பிரிவில் இருந்த லென்யானோ கழகத்தில் 1962–63 பருவத்தில் விளையாடிய அவரை, மறு ஆண்டில் 37 மில்லியன் லீராவுக்குக் காலியாரி வாங்கியது. அப்போது காலியாரி இரண்டாம் பிரிவுக் கழகம். கடல் கடந்து அங்கே போவதற்கு ரிவாவுக்கு விருப்பமே இருக்கவில்லை. இத்தாலியப் பெருநிலத்தில் இருந்தவர்கள் சார்டீனியாவைத் தண்டனை இடமாற்றத்துக்குரிய இடமாகவே கருதிய காலம் அது. அதிகாரிகளுக்கு விருப்பமில்லாத சிப்பாய்களும் பொலிஸாரும் அங்கேதான் அனுப்பப்படுவார்கள் என்ற பேச்சு இருந்தது. ஓராண்டு விளையாடிவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் அவர் போய் இறங்கினார். ஆனால் அந்த முதல் பருவத்திலேயே காலியாரி தன் வரலாற்றில் முதன்முறையாகச் சீரி ஏ என்னும் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. வீடு என்று சொல்லிக்கொள்ள இடமில்லாமல் வளர்ந்த ஒரு இளைஞரை அந்தத் தீவு மக்கள் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்தார்கள். ரிவா பிற்காலத்தில் கொடுத்த நேர்காணல்களில் கோல்களைப் பற்றிப் பேசியதைவிட இதைப் பற்றிப் பேசியதே அதிகம்.

கேள்வி: பதின்மூன்று பருவங்களில் ஒரேயொரு தேசிய சம்பியன் பட்டம், ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றுகூட இல்லை. அப்படியிருக்க ரிவாவை இத்தாலியின் மிகச் சிறந்த முன்கள வீரர்கள் வரிசையில் வைப்பது மிகையான புகழ்ச்சியல்லவா?
*(வங்கி ஊழியர், பண்டாரவளை)*

பதில்: நியாயமான கேள்வி. பட்டங்களை எண்ணினால் உங்கள் கருத்தே சரி. ஆனால் அந்த ஒரு பட்டம் எந்தச் சூழலில், எப்படி வந்தது என்பதைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1969–70 பருவத்தில் சீரி ஏயில் 16 கழகங்கள் விளையாடின. ஒவ்வொரு கழகத்துக்கும் 30 போட்டிகள். காலியாரி 17 போட்டிகளில் வென்று, 11 போட்டிகளைச் சமநிலையில் முடித்து, இரண்டில் மட்டும் தோற்றது. வெற்றிக்கு இரண்டு புள்ளிகள் வழங்கப்பட்ட அக்காலத்தில் அவர்கள் பெற்ற 45 புள்ளிகள், இரண்டாம் இடத்துக்கு வந்த இன்டர் கழகத்தைவிட நான்கு அதிகம். கழகம் அடித்த மொத்தக் கோல்கள் 42. அவற்றில் 21 கோல்கள் ரிவாவுடையவை. ஒரு சம்பியன் அணியின் கோல்களில் சரிபாதியை ஒரே மனிதர் அடித்தார் என்பதை ஒரு கணம் நின்று யோசித்துப் பாருங்கள். மிலான், டூரின் நகரங்களின் பெருங்கழகங்களில் விளையாடிய முன்கள வீரர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோர்ந்து போனால் அவருக்குப் பதில் கோல் அடிக்க இன்னொருவர் இருந்தார். காலியாரியில் ரிவா சோர்ந்தால் அந்த ஞாயிறு பெரும்பாலும் கோலில்லாமலே முடியும். எதிரணிகளுக்கும் அது தெரியும். ஆகவே அவர்களுடைய பாதுகாப்பு முழுவதும் அவர் ஒருவரைச் சுற்றியே கட்டப்பட்டது.

அந்தப் பருவத்தின் இரண்டு போட்டிகளைச் சொல்கிறேன். முதலாவது, 1970 ஜனவரியில் விசென்சாவில் நடந்தது. வலப்புறமிருந்து தலையால் திருப்பப்பட்ட பந்து கோலுக்கு முதுகு காட்டி நின்ற ரிவாவின் தலைக்கு மேல் வந்தது. அவர் பின்னோக்கிச் சாய்ந்து, உடம்பு தரைக்குச் சமாந்தரமாக மிதக்கும் நிலையில், இடது காலால் பந்தை அறைந்தார். கோல் காப்பாளர் அசையும்முன் அது வலையில் இருந்தது. இத்தாலியில் அந்த வகை உதைக்கு இன்றும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் கோல்களில் அதுவும் ஒன்று.

இரண்டாவது, மார்ச் 15ஆம் திகதி டூரினில் யுவென்டஸுக்கு எதிராக நடந்தது. பட்டம் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கக்கூடிய போட்டி. காலியாரியின் பின்கள வீரர் நிக்கொலாய் தவறுதலாகத் தம் சொந்த வலைக்குள்ளேயே பந்தைச் செலுத்த, யுவென்டஸ் முந்தியது. இடைவேளைக்கு முன் ரிவா சமப்படுத்தினார். இரண்டாம் பாதியில் யுவென்டஸுக்குக் கிடைத்த பெனால்டியைக் கோல் காப்பாளர் அல்பெர்டோசி தடுத்துவிட்டார். ஆனால் மத்தியஸ்தர் லோ பெல்லோ அதை மீண்டும் உதைக்கச் சொன்னார், இரண்டாம் முறை பந்து உள்ளே போனது. தீவுக்காரர்களுக்கு வடக்கில் நீதி கிடைக்காது என்ற பழைய மனக்குறை அந்த நிமிடத்தில் எப்படிக் கொதித்திருக்கும் என்பதை நம்மவர்கள் எளிதில் உணர்வார்கள். போட்டி முடியச் சில நிமிடங்களே இருந்தபோது அதே மத்தியஸ்தர் காலியாரிக்கு ஒரு பெனால்டி வழங்கினார். உதைத்தவர் ரிவா. யுவென்டஸ் காப்பாளர் பந்தைத் தொட்டும் அது உள்ளே போனது. போட்டி 2–2 என முடிய, முதலிடம் காலியாரியின் கையைவிட்டுப் போகவில்லை. ஏப்ரல் 12ஆம் திகதி அம்சிக்கோரா மைதானத்தில் பாரி கழகத்தை 2–0 என வென்று, இன்னும் இரண்டு போட்டிகள் எஞ்சியிருக்கும்போதே அவர்கள் சம்பியனானார்கள். அன்றைய முதல் கோலும் ரிவாவுடையதே.

அதுவரை இத்தாலியின் தெற்கிலிருந்தோ தீவுகளிலிருந்தோ எந்தக் கழகமும் அப்பட்டத்தை வென்றதில்லை. தீவுக் கழகம் ஒன்று வென்றது இன்று வரை அந்த ஒரு முறைதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: 1969இன் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில், ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற மிலான் கழகத்தின் ரிவேரா 83 புள்ளிகள் பெற்று முதலிடம் வந்தார், ஐரோப்பியக் கிண்ணத்தில் ஒரு போட்டிகூட விளையாடியிராத ரிவா 79 புள்ளிகள் பெற்று இரண்டாமிடம் வந்தார். அக்காலத்தில் பார்த்தவர்களின் தீர்ப்பு இது. எனக்கும் அதில் உடன்பாடே.

கேள்வி: அதிக கோல் அடித்தவர் என்ற பெருமைக்கு 21 கோல்கள் போதுமா? இன்று முப்பதுக்கு மேல் அடிக்கிறார்களே.
*(நாவலப்பிட்டி வாசகர்)*

பதில்: அன்றைய சீரி ஏயில் கோல் அடிப்பது மிகக் கடினம். பின்களத்தில் ஆட்களைக் குவித்து, எதிரணியின் முன்கள வீரரை ஒருவர் நிழல்போல் தொடர, அவருக்கும் பின்னால் இன்னொருவரைக் காவலுக்கு நிறுத்தும் முறையே எங்கும் வழக்கில் இருந்தது. சம்பியனான காலியாரியே அந்த 30 போட்டிகளில் விட்டுக்கொடுத்தது 11 கோல்கள் மட்டும் என்பதைக் கொண்டு நிலைமையை ஊகிக்கலாம். பின்னாலிருந்து காலை வாருவதற்கு இன்றுபோல் உடனே சிவப்பு அட்டையும் கிடையாது. அப்படிப்பட்ட களத்தில் 1967, 1969, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளில் அதிக கோல் அடித்தவராக ரிவா விளங்கினார். அவற்றுள் 1967ஆம் ஆண்டில் மார்ச் மாதத்தில் கால் முறிந்து பருவத்தின் எஞ்சிய பகுதியை இழந்தும், அதற்குமுன் அடித்திருந்த 18 கோல்களை வேறெவராலும் எட்ட முடியவில்லை. சீரி ஏயில் அவருடைய மொத்தக் கணக்கு 289 போட்டிகளில் 156 கோல்கள்.

கேள்வி: ரிவா ஒருவரே காலியாரியைச் சம்பியனாக்கியதுபோல் எழுதுகிறீர்கள். மற்றப் பத்துப் பேரும் பயிற்றுநரும் எங்கே போனார்கள்?
*(ஓய்வுபெற்ற ஆசிரியர், பதுளை)*

பதில்: உங்கள் கண்டிப்பை ஏற்கிறேன், ஐயா. அவர்களைப் பற்றிச் சொல்லாமல் ரிவாவின் கதை நிறைவடையாது.

பயிற்றுநர் மன்லியோ ஸ்கொபீன்யோவைத் தத்துவஞானி என்ற பட்டப்பெயரால் இத்தாலியர் அழைத்தார்கள். வீரர்களை மாணவர் விடுதிப் பிள்ளைகள்போல் பூட்டிவைத்து மேய்ப்பது அன்றைய பயிற்றுநர்களின் பொது வழக்கம். ஸ்கொபீன்யோ அதைச் செய்யவில்லை. அவருடைய வீரர்கள் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. போட்டிக்கு முந்திய இரவு, ஹோட்டல் அறையொன்றில் வீரர்கள் பலர் கூடிச் சீட்டு விளையாடிக்கொண்டும் புகைத்துக்கொண்டும் இருந்தபோது கதவு திறந்தது, வாசலில் பயிற்றுநர். எல்லோரும் உறைந்து போனார்கள். அவர் உள்ளே வந்து ஒரு நாற்காலியில் அமர்ந்து, தாம் ஒரு சிகரெட் பற்றவைத்தால் யாருக்காவது தொந்தரவாக இருக்குமா என்று மட்டும் கேட்டார். சற்று நேரத்தில் அனைவரும் தாமாகவே எழுந்து படுக்கச் சென்றுவிட்டார்கள். கட்டுப்பாடு என்பது சத்தம் போட்டு வருவது என்று நம்புகிற பயிற்றுநர்கள் நம் ஊர்களிலும் இருப்பதால் இதைச் சற்று விரித்துச் சொன்னேன். புகைத்தலை யாரும் பின்பற்ற வேண்டாம்.

வீரர்களைப் பொறுத்தவரை, 1969இல் செய்த ஒரு மாற்றம் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ரிவாவுடன் முன்களத்தில் விளையாடிய பொனின்சேன்யாவை இன்டருக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து தொமெங்கினி, கோரி, போலி ஆகிய மூவரையும் பணத்தையும் காலியாரி பெற்றது. தொமெங்கினி வலப்புற ஓரத்தில் அயராது ஓடினார். கோரி எதிரணிப் பின்கள வீரர்களைத் தம் பக்கம் இழுத்து, ரிவாவுக்கு இடம் உண்டாக்கினார். பிரேசில்காரரான நெனேயும் கிரெயாத்தியும் நடுக்களத்தை நடத்தினார்கள். பின்களக் காவலரான தோமசினி காயமடைந்தபோது, அணித் தலைவர் சேராவை ஸ்கொபீன்யோ நடுக்களத்திலிருந்து அவருடைய இடத்துக்கு மாற்றினார். பந்தை வெளியே உதைத்துத் தள்ளாமல் காலில் வைத்துக்கொண்டு முன்னே கொண்டு செல்லத் தெரிந்த காவலர் அன்று அபூர்வம். அதே இடத்தில்தான் சேரா மெக்சிகோ உலகக் கிண்ணத்திலும் இத்தாலிக்காக விளையாடினார். அந்த உலகக் கிண்ணத்துக்குச் சென்ற இத்தாலிய அணியில் அல்பெர்டோசி, சேரா, நிக்கொலாய், தொமெங்கினி, கோரி, ரிவா என ஆறு பேர் காலியாரியிலிருந்து வந்தவர்கள்.

கேள்வி: யுவென்டஸ் அழைத்தும் ரிவா போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மையில் அவருடைய முடிவா, அல்லது கழகம் விடவில்லையா?
*(சட்டக் கல்வி பயிலும் வாசகர், ஹட்டன்)*

பதில்: இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இக்காலத்து ஒப்பந்தங்களை மனத்தில் வைத்துக்கொண்டு அக்காலத்தைப் பார்த்தால் ரிவா செய்ததன் அளவு புரியாது.

அன்று இத்தாலியில் ஒரு வீரரின் பதிவு உரிமை கழகத்தின் சொத்தாக இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதால் வீரர் தாம் விரும்பிய கழகத்துக்குப் போய்விட முடியாது. கழகம் விற்றால்தான் போகலாம், விற்றால் போயே ஆக வேண்டும் என்பதே நடைமுறை. இந்தப் பிணைப்பை நீக்கிய சட்டம் 1981இல்தான் வந்தது. ஆகவே 1960களிலும் 1970களிலும் ஒரு வீரர் ஒரே கழகத்தில் நெடுங்காலம் இருந்தார் என்பதை மட்டும் கொண்டு அதை விசுவாசம் என்று கொண்டாடிவிட முடியாது. பலருக்கு வேறு வழி இருக்கவில்லை.

ரிவாவின் நிலை வேறு. வடக்கின் பெருங்கழகங்கள் ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் அவரைக் கேட்டு வந்தன. 1973இல் யுவென்டஸ் பெருந்தொகைப் பணத்துடன் சில வீரர்களையும் சேர்த்துத் தர முன்வந்தபோது, காலியாரி நிர்வாகம் இணங்கும் நிலையில் இருந்தது. கழகத்தின் பண நெருக்கடிக்கு அது ஒரே நாளில் தீர்வாக இருந்திருக்கும். மறுத்தவர் வீரர். விற்கும் அதிகாரம் கழகத்திடம் இருந்தபோதிலும், மனமில்லாத ஒரு ரிவாவை வாங்குவதால் யாருக்கும் பயனில்லை என்பதை மூன்று தரப்பும் அறிந்திருந்தன. அப்போது அவருக்கு 28 வயது. இரு கால்களும் ஏற்கெனவே முறிந்து குணமானவை. பெருஞ்சம்பளம் பெறுவதற்கு இதுவே கடைசி வாய்ப்பு என்பதை அவர் அறியாதவரல்லர். யுவென்டஸ் அடுத்தடுத்த ஆண்டுகளில் பட்டங்களை வென்றது. காலியாரி கீழே இறங்கியது. அதற்காக வருந்தியதில்லை என்றே அவர் கடைசிவரை சொன்னார். எங்கும் போகாமல் இருக்கும் உரிமையை, போகும் உரிமையே இல்லாத காலத்தில் நிலைநாட்டியவர் என்ற வகையில் அவருடைய முடிவு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

கேள்வி: என் மகன் தோட்டத்து அணியில் நன்றாக உதைபந்து விளையாடுகிறான். இப்போது கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகப்போவதாகச் சொல்கிறான். ஊரைவிட்டுப் போகாத ரிவாவின் கதையைச் சொல்லி அவனை நிறுத்தி வைக்க நினைக்கிறேன். அது சரிதானே?
*(கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர், மஸ்கெலியா)*

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தயவுசெய்து அந்தக் கதையை அதற்காகச் சொல்லாதீர்கள்.

ரிவா ஊரைவிட்டுப் போகாதவர் அல்லர். பிழைப்புக்காகப் பதினெட்டு வயதில் பிறந்த ஊரைவிட்டு, கடல் தாண்டி, முன்பின் தெரியாத இடத்துக்குப் போனவர் அவர். போன இடத்தில் மதிப்பும் சம்பளமும் தமது திறமைக்கு ஏற்ற வேலையும் கிடைத்ததால் அங்கே தங்கினார். தங்குவதற்குரிய எல்லாமே கையில் இருந்த ஒருவர் தங்கியதை, லயத்து அறையில் அடுத்த மாதச் செலவுக்குக் கணக்குப் பார்க்கும் ஒரு பிள்ளைக்கு எடுத்துக்காட்டாக வைப்பது நியாயமில்லை.

இந்தக் கதையில் உங்கள் மகனைப் போன்றவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் சார்டீனியாவில் நிலக்கரிச் சுரங்கங்கள் நலிந்தன. மேய்ச்சல் தொழில் வாழவைக்கவில்லை. பெருந்தொகையான இளைஞர்கள் டூரின், மிலான் நகரங்களின் தொழிற்சாலைகளுக்கும், பெல்ஜியத்தின் சுரங்கங்களுக்கும், ஜேர்மனிக்கும் போனார்கள். போன இடங்களில் ஆட்டிடையர் என்றும் கொள்ளைக்காரர் என்றும் ஏசப்பட்டார்கள். காலியாரி வடக்கே விளையாடச் செல்லும்போது வீரர்களின் காதிலும் அதே ஏச்சுத்தான் விழுந்ததாக ரிவா கூறியிருக்கிறார். அந்தப் போட்டிகளுக்கு, வாரம் முழுவதும் ஆலையில் வேலை செய்த சார்டீனியத் தொழிலாளர்கள் இரவு ரயில் ஏறி, சிலர் நாட்டின் எல்லையையே தாண்டி வந்து, எதிரணியின் மைதானத்தில் தங்கள் அணிக்காகக் குரல் கொடுத்தார்கள். தமது கோல்கள் அவர்களுக்கு என்னவாக இருந்தன என்பதை அந்த முகங்களில் பார்த்த பிறகே தம்மால் தீவைவிட்டுப் போக முடியவில்லை என்பது ரிவா தந்த விளக்கங்களில் ஒன்று. ஆக, ஊரைவிட்டுப் போனவர்கள் இல்லாமல் ரிவா அங்கே தங்கிய கதையும் இல்லை. போனவர்களை யாரும் துரோகிகள் என்று சொல்லவில்லை. பட்டம் வென்ற இரவில் அது தீவில் இருந்தவர்களுக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு அவர்களுக்கும் சொந்தமாக இருந்தது.

மகன் போவதென்றால், உதைபந்தைக் கைவிடாமல் போகச் சொல்லுங்கள். கொழும்பிலும் அதைச் சுற்றியும் பதிவுபெற்ற கழகங்கள் பல இருக்கின்றன. மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ பயிற்சி நடக்கும். வேலைக்குச் சேரும் முன்பே வாரத்தில் எந்த நாள் விடுமுறை, மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். சேர்ந்த பிறகு கேட்டால் கிடைக்காது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை அணியில் விளையாடியதற்கான சான்றிதழ்கள் ஆகியவற்றின் பிரதிகளைக் கையோடு எடுத்துச் செல்லட்டும். கழகப் பதிவுக்கு அவை தேவைப்படும்.

கேள்வி: ரிவா ஏன் 31 வயதிலேயே ஓய்வு பெற்றார்?
*(பொகவந்தலாவை வாசகர்)*

பதில்: காயங்கள்தாம் காரணம். 1967 மார்ச் மாதம் ரோமில் போர்த்துக்கலுக்கு எதிராக இத்தாலிக்காக விளையாடும்போது இடது கால் முறிந்தது. 1970 ஒக்டோபர் 31ஆம் திகதி வியன்னாவில் ஒஸ்ட்ரியாவுக்கு எதிராக, மீண்டும் தேசிய அணிக்காக விளையாடும்போது வலது கால் முறிந்தது. இந்த இரண்டாவது முறிவு கழகத்தையும் சேர்த்து முறித்தது என்றே சொல்ல வேண்டும். அதற்கு ஆறு நாட்களுக்கு முன்புதான் மிலான் நகரில் இன்டரை 3–1 என வென்ற போட்டியில் அவர் இரண்டு கோல்கள் அடித்திருந்தார். ரோம்போ தி துவோனோ, அதாவது இடிமுழக்கம், என்று பத்திரிகையாளர் ஜியான்னி பிரேரா அவருக்குச் சூட்டிய பெயர் அந்தப் போட்டியை ஒட்டியே நிலைத்தது. காலியாரி தன் முதல் ஐரோப்பியக் கிண்ணப் பயணத்தில் பிரான்சின் சென் எதியேன் கழகத்தை வெளியேற்றிவிட்டு, அத்லெட்டிக்கோ மட்ரிட்டைத் தன் மைதானத்தில் 2–1 என வென்றிருந்தது. ரிவா இல்லாமல் ஸ்பெயினுக்குச் சென்ற அணி 0–3 எனத் தோற்று வெளியேறியது. உள்நாட்டுப் பட்டத்தையும் அந்தப் பருவத்தில் காக்க முடியவில்லை.

அவர் மீண்டு வந்து 1971–72இல் மறுபடியும் 21 கோல்கள் அடித்தார். எலும்பு முறிந்த கால்களோடு இதைச் செய்தவரை மருத்துவர்கள் வியந்திருக்க வேண்டும். ஆனால் 1976 பெப்ரவரி 1ஆம் திகதி மிலானுக்கு எதிரான போட்டியில் வலது தொடையின் தசைநாண் கிழிந்தது. அதற்குப் பிறகு அவர் சீரி ஏயில் விளையாடவில்லை. அதே பருவத்தின் முடிவில் காலியாரி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. தேசிய அணிக்காக 42 போட்டிகளில் அவர் அடித்த 35 கோல்கள் இன்றும் இத்தாலியின் சாதனை. அந்தச் சாதனைக்கு விலை கொடுத்தது பெரிதும் காலியாரி.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டாரா?
*(நுவரெலியா வாசகி)*

பதில்: இல்லை. காலியாரி நகரிலேயே வாழ்ந்தார். 1976இல் அங்கே சிறுவர்களுக்கான உதைபந்தாட்டப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்; பிறகு சிறிது காலம் கழகத்தின் தலைவராகவும், நீண்ட காலம் இத்தாலியத் தேசிய அணியின் நிர்வாகக் குழுவிலும் பணியாற்றினார். 2006இல் இத்தாலி உலகக் கிண்ணத்தை வென்றபோதும் அணியுடன் இருந்தார். அவர் அணிந்த 11ஆம் இலக்கச் சட்டையை இனி எவருக்கும் தருவதில்லை என்று 2005இல் கழகம் முடிவு செய்தது. 2024 ஜனவரி 22ஆம் திகதி, தமது 79ஆம் வயதில், காலியாரியில் காலமானார்.

கேள்வி: எங்கள் தோட்டச் சிறுவர் அணியில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இடது காலால் மட்டுமே உதைக்கிறான். உதை பலமாகவும் குறியாகவும் இருக்கிறது. ஆனால் வலது கால் பழக்கமே இல்லை. ரிவாவும் இடது காலை மட்டுமே நம்பியவர் என்று எழுதியிருந்தீர்கள். இவனை அப்படியே விட்டுவிடலாமா?
*(பயிற்சி அளிக்கும் இளைஞர், தலவாக்கலை)*

பதில்: ரிவாவின் கோல்களில் காலால் அடித்தவை ஏறத்தாழ எல்லாமே இடது காலிலிருந்து வந்தவைதாம். ஆனால் அவர் ஒற்றைக் கால் வீரராக இருந்தும் தடுக்க முடியாதவராக இருந்ததற்கு வேறு மூன்று காரணங்கள் இருந்தன. உங்கள் பையனுக்கு அவற்றைக் கொடுத்தால் போதும்.

ஒன்று, பந்து வருவதற்கு முன்பே உடம்பைத் திருப்பிவிடும் பழக்கம். அவருடைய பழைய படக்காட்சிகளைப் பார்த்தால், பந்தைத் தொடும் நேரத்தில் அவருடைய வலது தோள் எதிரணி வீரருக்கும் பந்துக்கும் நடுவில் இருப்பதைக் காண்பீர்கள். தடுப்பவருக்கு அவர் எந்தக் காலால் உதைப்பார் என்று தெரியும். ஆனால் அந்தக் காலை எட்ட முடியாது. பையனுக்குப் பந்தை வலப்புறமிருந்து அனுப்பி, தோளைக் கொடுத்து இடது காலுக்கு வாங்கிக்கொள்ளப் பழக்குங்கள். முதலில் தடுப்பவர் இல்லாமல், பிறகு மெதுவாக நடந்து வரும் ஒருவரை வைத்து, பிறகுதான் ஓடிவரும் ஒருவரை வைத்து.

இரண்டாவது, தலை. ரிவா தலையால் அடித்த கோல்கள் ஏராளம். 1969 நவம்பரில் நேப்பிள்ஸில் கிழக்கு ஜேர்மனிக்கு எதிராக, தரையிலிருந்து முழங்கால் உயரமே இருந்த பந்தை அவர் முழு உடம்பையும் நீட்டிப் பாய்ந்து தலையால் அடித்த கோல் பெயர்பெற்றது. பதின்மூன்று வயதில் கனமான, நனைந்த பந்தைக் கொண்டு தலைப் பயிற்சி கொடுக்காதீர்கள். காற்றுக் குறைத்த இலேசான பந்தை, குறைந்த எண்ணிக்கையில், கையால் எறிந்து பழக்குங்கள்.

மூன்றாவது, ஓட்டம் தொடங்கும் இடம். ரிவா இடப்புற ஓரத்தில் தொடங்கி உள்ளே வந்தவர். நடுவில் நின்று காத்திருந்தால் இரு பக்கமும் ஆட்கள் இருப்பார்கள். ஓரத்தில் தொடங்கினால் ஒரு பக்கம் கோடு காவலாக இருக்கும். உங்கள் மைதானம் சரிவானது என்று எழுதியிருக்கிறீர்கள். பையனைச் சரிவின் மேற்பக்கத்திலிருந்து ஓடவிட்டுப் பழக்கினால் வேகம் வரும், ஆனால் முழங்கால் தாங்காது. கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்க வையுங்கள்.

வலது காலையும் விட்டுவிட வேண்டாம். அதனால் கோல் அடிக்கச் சொல்லாதீர்கள். நிறுத்தவும், பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கவும் மட்டும் பழக்குங்கள். பயிற்சியின் தொடக்கத்தில், களைப்பு வருவதற்கு முன், பத்து நிமிடங்கள் போதும். அதற்குமேல் இழுத்தால் அவன் இடது காலின் மகிழ்ச்சியை இழந்துவிடுவான்.